சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை: 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஈரோடு மாவட்ட மலையிலுள்ள நம் மூன்று ஊர்ப் பெரியவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வீட்டுக்கே கொடுத்தனுப்பப்படும். முக்கியமாகப் படிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றினோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் ஆகியவற்றுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்ததால் கீழே சமவெளியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. நம் பெண்கள் ராகிக்களியும் கீரையும் செய்து வைத்தார்கள். பாராட்டு நிறைய, விற்பனை சுமார். செயற்குழு வழக்கம்போல் கூடியது, வழக்கம்போல் பாதிப் பேர் வரவில்லை.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். ஊர்க் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே அதிகாரம் தரும் சமூக வன வள உரிமைக்கான கோரிக்கை, அதாவது நாம் சி பாரம் என்று சொல்வது, இன்னும் கிராம சபையைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்று பலரும் டீக்கடையில் கேட்கிறார்கள். கூட்டத்தில் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

காட்டில் வாழ்கிறவர்களுக்கு நிலத்திலும் காட்டிலும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் உரிமை ஆவணம் வழங்குவது நின்றுபோய், 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியபின்தான் வழி திறந்தது. ஆகவே 2016 வரை நடக்காததற்கு நாம் பொறுப்பல்ல. அதற்குப் பிறகு எட்டு ஆண்டு ஓடிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் நம் சோளகப் பழங்குடி உறவுகள் 2011-லேயே, அதுவும் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, சமூக வன உரிமை வாங்கிவிட்டார்கள். நம் பிள்ளைகள் அங்கே கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

வேலையில் முடிந்தது எவ்வளவு என்று பார்ப்போம். மனுக்களைச் சரிபார்க்கக் கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அது சரியாக அமைந்திருக்கிறது. எல்லை நடை முடிந்தது. முதலில் பெரியவர்களை உட்கார வைத்துப் பள்ளம், ஓடை, பாறை, சாமி மரம், கிழங்கு தோண்டும் இடம், தேன் பாறை, பழைய மாட்டுப் பட்டி இருந்த இடம் எல்லாவற்றையும் தரையில் வரைந்தோம். பிறகு கைபேசியில் ஜிபிஎஸ் வைத்து நடந்தார்கள். அடுத்து நடக்கப்போகிறவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்: அடர்ந்த மரத்தடியில் கைபேசி காட்டும் இடம் பத்து, இருபது மீட்டர் தள்ளிப்போகும். துல்லியம் ஐந்து மீட்டருக்குள் வரும்வரை அசையாமல் நின்று, அதன்பின் புள்ளி எடுக்க வேண்டும். முடிந்தால் வானம் தெரிகிற பாறை மேல் ஏறி எடுக்கலாம். எடுத்த கையோடு இடத்தின் பெயரை நோட்டில் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எந்தப் புள்ளி எது என்று யாருக்கும் தெரியாது. பள்ளம் வளையும் ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வேண்டும். நடுவில் இரண்டை விட்டால் வரைபடத்தில் கோடு நேராக இழுத்துக்கொண்டு அடுத்த ஊர்க் காட்டுக்குள் போய்விடும், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். கிழக்கே உள்ள ஊரோடு நமக்கு இப்படி ஓர் உரசல் வந்தது. இரண்டு ஊர் ஒரே காட்டைப் பயன்படுத்தினால் இரு ஊர் வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. உட்கார்ந்தோம், எழுதினோம், முடிந்தது. மேய்ச்சலும் கிழங்கும் இருவருக்கும் பொது, தேன் பாறை மட்டும் வழக்கப்படி யாருடையதோ அவருடையது.

ஆதாரம் ஒன்றுக்கு மேற்பட்டது வேண்டும். குறிப்பிட்ட இந்தக் காகிதம் இருந்தால்தான் ஆகும் என்று யாரும் அடம்பிடிக்க முடியாது. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, நிலத்தில் போட்ட கல்வரப்பு, கிணறு, சுடுகாடு, கோயில், மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவர் சொல்லி எழுதிய வாக்குமூலம் எல்லாமே ஆதாரம். காட்டை உழுததற்காகத் தாத்தா காலத்தில் அபராதம் கட்டிய ரசீது யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து அடுப்பில் போடாதீர்கள். அந்த நிலத்தில் அப்போதே நாம் இருந்தோம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த காகிதம் அது. கூரைச் சந்தில் செருகி வைத்தவை கரையான் தின்று பாதி போய்விட்டன. மீதியையாவது பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சங்க இரும்புப் பெட்டியில் வையுங்கள் என்று மூன்று முறை அறிவித்தும் பெட்டியில் இடம் காலியாகவே இருக்கிறது.

நம் மலையிலேயே இருக்கும் மலையாளிக் குடும்பங்களுக்கு (கேரளத்தவர் அல்ல, மலையாளி என்று பெயர்கொண்ட மலைவாழ் தமிழ்ச் சமூகம்) சுமை இன்னும் அதிகம். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்பது சேலம், தர்மபுரி, வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயரோடு இருக்கிறது. ஈரோடு அதில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணன் பழங்குடி, இந்தப் பக்கம் இருக்கிற தம்பி இல்லை. அதனால் இவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930-க்குப் போய்க் காகிதம் தேடுவது லேசான காரியமல்ல. வம்சாவளி எழுதுவதும் பெரியவர்களின் வாக்குமூலமும்தான் கைகொடுக்கும். அவர்களில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்களின் வாக்குமூலத்தை அடுத்த மழைக்கு முன் எழுதிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். வரவேண்டியவர்களில் ஒரு தரப்பு வரவில்லை. யார் என்று இங்கே எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதியில் இதற்கும் இடம் உண்டு: ஆய்வுக்கு வராமல் இருந்துவிட்டுப் பிறகு ஆட்சேபம் சொன்னால் மனு மறு ஆய்வுக்காகக் கிராம சபைக்கே திரும்பும். மறு ஆய்வுக்கும் வராவிட்டால் கிராம சபை எடுத்த முடிவே இறுதி. ஆகவே அந்த ஒப்புகை நகல் நமக்குப் பட்டா மாதிரி. அதைத் தலைவர் வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று வைத்திருக்கிறோம். அதேபோல் மனு தள்ளுபடியானால் காரணத்தோடு நேரில் தெரிவிக்க வேண்டும். முடிவு எடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல் குழுவுக்கு மனுப் போடலாம். வாய்மொழியாக "உங்களுக்கு இல்லை" என்று சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் எங்கே நின்றது? கிராம சபையில் நின்றது. சாதாரண கிராம சபைக்கு, 500 பேர் வரை உள்ள ஊராட்சியென்றால், 50 பேர் வந்தால் கூட்டம் செல்லும். அந்தக் கணக்கிலேயே பலரும் இருக்கிறார்கள். வன உரிமைக் கிராம சபைக்கு அது பொருந்தாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும், மனுப் போட்டவர்களிலோ அவர்கள் சார்பில் வருகிறவர்களிலோ பாதிப்பேர் இருக்க வேண்டும். 2012-க்கு முன் மூன்றில் இரண்டு பங்கு என்று இருந்ததை நமக்காகத்தான் பாதியாகக் குறைத்தார்கள். அந்தப் பாதியும் வரவில்லை. ஊராட்சி முழுவதற்கும் ஒரே கூட்டம் என்றால் மலை முழுக்க ஆள் திரட்டுவது நடக்காத காரியம் என்பதால்தான், ஒவ்வொரு குடியிருப்பையும் தனியாகப் பட்டியலிட்டுத் தனிக் கிராம சபை கூட்டலாம் என்ற விதியைக் காட்டி, பலமுறை மனுக் கொடுத்து, நம் ஊர்களுக்குத் தனிக் கூட்டத்துக்கு வழிசெய்தேன். அப்படியும் முதல் கூட்டத்தன்று ஆள் இல்லை. நவம்பரிலிருந்து காபி எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள் போனவர்கள்தான். மேஸ்திரி முன்பணம் கொடுத்தால் லாரி ஏறாமல் இருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் ஊரில் இருந்தவர்களும் வரவில்லையே! தை மாதத்தில் மறுபடி தேதி குறித்தோம், ராகி அடிக்கிற வேலை என்றார்கள். மார்ச்சில் கூட்டலாம் என்று இருந்தோம், 16-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஏக்கர் காடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

இதற்கிடையில் 2024 ஜனவரியில் நம் மலைக்காட்டைச் சேர்த்து 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. சரணாலயம் ஆகிவிட்டதால் இனி மனுப்போட்டுப் பயனில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. சரணாலயமும் தேசியப் பூங்காவும் வன உரிமைச் சட்டத்தின்படி வன நிலம்தான், அங்கேயும் உரிமை கேட்கலாம். சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. பட்டி மாடுதான் பெரிய கேள்வி. 2022-இல் மேய்ச்சலுக்குத் தடை விதித்த உயர் நீதிமன்ற உத்தரவு பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. அந்தச் சுருக்கத்துக்குள் இப்போது நாமும் வந்துவிட்டோம். பர்கூர் மாடு காட்டில் பட்டி போடாமல் வளராது. பட்டி எரு இல்லாமல் மேட்டுக்காட்டில் ராகி விளையாது. மேய்ச்சல் உரிமையும் வன உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மேய்ச்சல் போன்ற சமூக உரிமைகளைக் கேட்கும் பி பாரத்தில் பட்டிகளின் இடம், மாடு போகும் வழி, தண்ணீர் குடிக்கும் குட்டை, எந்த மாதம் எங்கே என்பதை எல்லாம் எழுதியாக வேண்டும். வெறுமனே மேய்ச்சல் உரிமை என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் அது நிற்காது.

அடுத்து விதைத் தொம்பை, அதாவது ஊருக்குப் பொதுவாக விதை சேமிக்கும் குதிர். இதை என் சொந்த வேலை என்று சிலர் கேலி செய்வது காதில் விழுகிறது. செய்தவன் சொன்னால்தான் விவரம் தெரியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆடி மாதம் வந்தால் விதைக்குக் கீழே போய் மக்காச்சோளப் பாக்கெட்டைக் கடனுக்கு வாங்கி வருவது பழக்கமாகிவிட்டது. மக்காச்சோளம் பணம் தரும், மறுக்கவில்லை. படைப்புழு வந்தால் மருந்துச் செலவு, யானை வந்தால் ஒரே இரவில் முடிந்தது. காசு வராவிட்டால் அதைத் தின்றும் பசியாற முடியாது. ராகியையும் யானை தேடி வரும்தான். ஆனால் ராகிக் காட்டில் ராகி மட்டுமா இருக்கிறது? ஆறேழு வரிசைக்கு ஒரு வரிசை அவரை அல்லது துவரை, ஓரத்தில் ஆமணக்கு, ஊடே கடுகும் தண்டுக்கீரையும். மழை பொய்த்து ராகி போனாலும் துவரை நிற்கும், கீரை இருபதாம் நாளிலிருந்தே குழம்புக்கு வரும். ரேஷன் அரிசி வந்து பட்டினி போனது உண்மை. அந்த அரிசியோடு அவரையும் கீரையும் வீட்டிலிருந்து போய்விட்டன, அதுதான் இழப்பு.

தொம்பை மூங்கில் பிளாச்சில் முடைந்தது. உள்ளும் வெளியும் புற்றுமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, கல் மேல் ஒரு முழ உயரத்தில் வைத்திருக்கிறோம். கல்லைச் சுற்றித் தகரம் வளைத்தால் எலி ஏறாது. ராகியைப் பொறுத்தவரை விதை எடுப்பதே பாதி வேலை. அடித்துக் குவித்த பிறகு குவியலிலிருந்து அள்ளி வைப்பது விதை ஆகாது. அறுப்புக்கு முன்னால் காட்டின் நடுவில் நடந்து, தாய்த்தூரில் வந்த, ஒரே சமயத்தில் முற்றிய கதிராகப் பொறுக்க வேண்டும். கதிரின் கழுத்து கறுத்திருந்தால் அது குலைநோய், எவ்வளவு பெரிய கதிரானாலும் தொடக் கூடாது. கார்த்திகை மழையில் நனைந்த கதிரை அப்படியே தொம்பையில் போட்டால் இரண்டு வாரத்தில் உள்ளே கைவிட்டால் சூடு தெரியும், பூசண வாசனை வரும், அந்த விதை முளைக்காது. சாணம் மெழுகிய களத்தில் நான்கைந்து நாள் காயவைத்து, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. ராகி நன்றாகக் காய்ந்துவிட்டால் பல ஆண்டு கெடாது, வண்டும் அவ்வளவாக வராது. அவரை, துவரை அப்படியில்லை. காட்டிலேயே வண்டு முட்டையிட்டுவிடும், வெளியே தெரியாது. துவரையைச் செம்மண் குழைத்துப் பூசிக் காயவைக்கிறோம், அவரையைச் சலித்த சாம்பலோடு கலந்து மண்பானையில் வாய்வரை நிரப்பி மூடுகிறோம். பானை அரைகுறையாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றே வண்டுக்குப் போதும்.

கொடுக்கல் வாங்கல் முறை எளிது: ஒரு வள்ளம் (தானியம் அளக்கும் படி) வாங்கினால் அறுப்பு முடிந்து ஒன்றேகால் வள்ளம் திருப்ப வேண்டும். ஏக்கருக்கு விதைப்புக்கு ஐந்தாறு கிலோ போதும், நாற்று நட்டால் இரண்டு கிலோ. விதைக்குமுன் ஈரத்துணியில் 100 விதை முடிந்துவைத்து முளைப்பை எண்ணிப் பார்க்கிறோம். 75-க்குக் குறைந்தால் அது களிக்கு, விதைக்கு இல்லை. இந்த ஆண்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் திருப்பினார்கள். ஆனால் திருப்பியதில் ஒரு பகுதி கல்லும் புல்விதையும் கலந்தது, ஒரு பகுதி கடையில் வாங்கிய ராகி. கடை ராகி நம் மலையில் முன்னே பின்னே முற்றும், அதை நம் விதையோடு கலந்தால் மூன்று பருவத்தில் நம் விதை காணாமல் போய்விடும். அதனால் விதைக் குழுப் பெண்கள் அப்படி வந்ததைத் தனியே பிரித்து வைத்தார்கள். இதற்காக அவர்களிடம் சண்டைக்குப் போனவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. அடுத்த ஆடிக்கு விதை கேட்டு வரும்போது அவர்களே சொல்வார்கள்.

ராகிக்கு 2023-24-இல் ஆதார விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாயாக இருந்தது. 2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள், அதற்கு அரசு ராகி வாங்கியது. விளைவிக்கிற நமக்கு அந்த விலை ஏன் கிடைப்பதில்லை? கொள்முதலுக்குச் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவு நகல்களைக் கேட்கிறார்கள். வன நிலத்தில் உழுகிறவனுக்கு அது ஏது? ஆகவே வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. உரிமை ஆவணம் வாங்கிய குடும்பங்களுக்கும் வேலை முடியவில்லை. அந்த நிலத்தை வருவாய்த்துறை, வனத்துறைப் பதிவேடுகளில் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று விதி சொல்கிறது, ஏறியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பவர் இல்லை. ஆவணம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள். அதை விற்கவோ யாருக்கும் மாற்றவோ முடியாது, பிள்ளைகளுக்குத்தான் சேரும். அடமானம் வைக்கலாம் என்று சொல்லிச் சுற்றுகிற ஆளை நம்பாதீர்கள்.

கிழங்குக் காட்டைப் பற்றிச் சுருக்கமாக. நூறைக்கிழங்கு தோண்டுகிறவர்கள் கொடி பழுத்த பிறகே தோண்டவும், தலைப்பகுதியைக் கொடியோடு குழியிலேயே வைத்து மண் மூடவும். திறந்த குழி காட்டுப்பன்றிக்குத்தான் லாபம். உண்ணிச்செடி என்னும் முட்புதர் படர்ந்த இடத்தில் கிழங்கும் இல்லை, புல்லும் இல்லை. மேலாக வெட்டினால் அது இரண்டு பங்காகத் துளிர்க்கும். காய் பிடிக்குமுன், வேரும் தண்டும் சேரும் இடத்துக்குக் கீழே மூன்று நான்கு விரற்கடை மண்ணுக்குள் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அடுத்த மழையில் பறவை உட்காரும் மரங்களுக்கு அடியில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். பெரியவர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுத் தீ வைத்துத்தான் இதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். தீயை நிறுத்தியபின் என்ன ஆனது என்பதைக் காட்டைப் பார்த்தாலே தெரியும். இன்றைக்குக் காட்டுக்குள் அரிவாளோடு போய் உண்ணி வெட்டினாலும் வழக்கு வரும். சி பாரம் கையில் வந்தால்தான் இதை ஊர் வேலையாகச் செய்ய முடியும். மறுபடி கிராம சபைக்கே வந்து நிற்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தா, நன்கொடை, கண்காட்சி விற்பனை மூலம் வந்தது செலவுக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. வரைபடம் அச்சடித்தது, நகல் எடுத்தது, பஸ் கட்டணம், டீச்செலவு ஆகியவையே பெரும்பகுதி. சில செலவுகளுக்கு ரசீது வாங்க இயலவில்லை. விவரம் பொருளாளர் நோட்டில் உள்ளது, பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவும்.

மாதச் சந்தா 20 ரூபாய். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பாக்கி. வறுமையால் கட்ட முடியாதவர்களிடம் சங்கம் எப்போதும் கேட்டதில்லை, இனியும் கேட்காது. பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறவர்களிடம்தான் கேட்கிறேன்.

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவுக்கும், சட்ட விதிகளைப் படித்து விளக்கிய வழக்கறிஞர் நண்பருக்கும், வரைபடம் வரைந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், கூடத்தைத் திறந்துவிட்ட பள்ளி ஆசிரியருக்கும், டீ போட்டுக் கொடுத்த அக்காமார்களுக்கும் நன்றி. விதைக் குழுப் பெண்களுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிவில்லாமல் சொல்கிறேன். கிராம சபையைக் காபி வேலைக்குப் போகுமுன், விதைப்புக்கும் முன், வைகாசி ஆனியில் ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் மலையேறி வருகிற வாரத்தில் வைக்கச் சொல்லி மனு தயாராக இருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகள் நீங்கியதும் கொடுப்போம். வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பம் ஒவ்வொன்றிலும் பெண் ஒருவராவது அன்று ஊரில் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பெண்கள் எண்ணிக்கை குறைந்தாலும் கூட்டம் செல்லாது. செயலாளர் பொறுப்பு வேறு யாராவது இளைஞர் ஏற்பதாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. கோப்புகள் வரிசையாக இருக்கின்றன, ஒப்புகை நகல்களும் இருக்கின்றன. அப்படி யாரும் முன்வராவிட்டால் வேலை நிற்கக் கூடாது என்பதற்காகத் தொடரலாம் என்று இருக்கிறேன். அதைச் சபை தீர்மானிக்கட்டும்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயர்ப் பட்டியலும், விதை திருப்ப வேண்டியவர்கள் பட்டியலும் கூடத்தின் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. பெயர் தவறாக இருந்தால் இன்று கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்